அம்மா மறுபடி சைக்கிள் கேட்கிறார்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு, வீட்டுப் பெரியவர்களுக்கு சைக்கிள் வாங்குவது பற்றி. பேரனுக்கு என்ன சைக்கிள் என்றுதான் வழக்கமாகக் கேட்பார்கள், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கேட்டிருப்பது சந்தோஷமாக இருந்தது. எங்கள் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பஞ்சர் ஒட்டியவன். அந்த உரிமையில் கொஞ்சம் நீட்டி முழக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வயது 66. அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டவர். பத்து வருடமாக ஓட்டவில்லை. அப்பா போன பிறகு கடைக்கும் கோயிலுக்கும் சித்தி வீட்டுக்கும் யாரையாவது எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது என்று மறுபடி சைக்கிள் கேட்கிறார். ஐந்து அடிக்கும் கொஞ்சம் குறைவான உயரம், முட்டி லேசாக வலிக்கும். ஏழாயிரம் வரை செலவு செய்யலாம். கியர் சைக்கிள்தான் முட்டிக்கு நல்லது என்கிறான் தம்பி. என்ன வாங்கலாம்?
— வாசகி, ஆலங்குடி

முதலில் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிடுங்கள். 1991-ல் தொடங்கி புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்கிற எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கான பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விழுந்து எழுந்து கற்றார்கள், லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடத்தில் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஓட்டினார்கள். அப்படிக் கற்றவருக்கு பாலன்ஸ் இரண்டு நாளில் திரும்ப வந்துவிடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். உடம்பு முன்னே மாதிரி வளையாது, அதுதான் சிக்கல். அது தெரிவது ஏறும்போதும் இறங்கும்போதும்.

நான் பார்த்த வரைக்கும் வயதானவர்கள் சைக்கிள் போய்க்கொண்டிருக்கும்போது விழுவது குறைவு. நாய் குறுக்கே வரும், பிரேக் பிடித்து நிற்பார்கள், ஒரு காலை ஊன்றப் பார்ப்பார்கள், தரை எட்டாது, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிடுவார்கள். வண்டி நின்றே போயிருக்கும், ஆனாலும் மணிக்கட்டோ இடுப்போ முறிய அது போதும். அதனால் அம்மாவுக்கு சைக்கிள் பார்க்கும்போது எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பதை அப்புறம் பாருங்கள், எவ்வளவு சுலபமாக இறங்க முடிகிறது என்பதை முதலில் பாருங்கள். கலர், கம்பெனி எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

பார் இல்லாமல், முன்பக்கம் நன்றாகத் தாழ்ந்து வளைந்த ஃபிரேமாக இருக்க வேண்டும். வீட்டுப் படி ஏறுகிற அளவுக்கு மேல் காலைத் தூக்க வேண்டியிருந்தால் அது அம்மாவுக்கான சைக்கிள் இல்லை. லேடீஸ் சைக்கிள் என்று பிங்க் பெயின்ட் அடித்து விற்கிற சிலவற்றில் அந்தக் குழாய் பேருக்குத்தான் சரிந்திருக்கும், முழங்கால் உயரத்துக்குத் தூக்கித்தான் தாண்டியாக வேண்டும். ஆகவே அம்மாவைக் கடைக்கே கூட்டிப் போங்கள், தினமும் கட்டுகிற மாதிரி சேலை கட்டிக்கொண்டே வரட்டும், ஐந்து தரம் ஏறி இறங்கட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை.

சீட் உயரத்தில் ஒரு இழுபறி இருக்கிறது. முட்டிக்கு நல்லது சீட் உயரமாக இருப்பதுதான். பெடல் கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த உயரத்தில் உட்கார்ந்தால் அம்மாவுக்குக் கால் தரையில் எட்டாது. சரி, பாதம் முழுக்கப் பதியட்டும் என்று சீட்டை அடிவரை இறக்கினால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி வயிற்றுக்கு வந்து போகும், பத்து நாளில் வலி கூடிவிடும், அப்புறம் சைக்கிளே ஆகாது என்பார். வெளிநாட்டில் பெடலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்து இரண்டுக்கும் வழி செய்கிற சைக்கிள்கள் உண்டு, ஏழாயிரத்துக்கு அது கிடைக்காது. நம் கையில் இருப்பது பொறுமை மட்டும்: முதல் இரண்டு வாரம் பாதம் முழுக்கப் பதிகிற உயரத்தில் வையுங்கள், வேகமாகப் போக வேண்டாம், தெருவுக்குள் மட்டும். தைரியம் வந்ததும் வாரத்துக்கு ஒரு விரல் அளவு ஏற்றுங்கள். உட்கார்ந்தபடியே இரண்டு கால்களின் முன்பாதமும் ஊன்றுகிற உயரத்தில் நிறுத்திவிடுங்கள். கூடவே, நிற்கும் முன் சீட்டிலிருந்து முன்னால் நழுவி இறங்கிக் காலை ஊன்றுவதைப் பழக்குங்கள். தாழ்ந்த ஃபிரேமில் அது சுலபம், பார் வைத்ததில் முடியாது.

ஐந்தடிக்குக் குறைவு என்கிறீர்கள். 26 இன்ச் சக்கரம் வைத்த சைக்கிளில் சீட்டை முழுக்க இறக்கி உட்கார வைத்துப் பாருங்கள். அப்போதும் கால் எட்டவில்லையென்றால் 24 இன்ச் வாங்குங்கள், அது சின்னப் பிள்ளை சைக்கிள் என்று கடையில் சொன்னால் சொல்லட்டும். டயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 26 என்று இரண்டு வகை உண்டு: லேடீஸ் சைக்கிளில் வருகிற 26 × 1⅜ ஒன்று, தடித்த டயர் போட்ட மலை சைக்கிளில் வருகிற 26 × 1.95 போன்றது இன்னொன்று. பெயர்தான் ஒன்று, ரிம் அளவு வேறு வேறு, ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. முதல் வகைக்கு டயரும் டியூபும் உங்கள் ஊர்ப் பஞ்சர் கடையிலேயே தொங்கும். பெரியவர்களுக்கு வாங்கும்போது இது பெரிய விஷயம், டியூபுக்காக பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும் என்றால் சைக்கிள் திண்ணையில் நின்றுவிடும்.

இப்போது தம்பியிடம் வருவோம். அவர் சொல்வதில் பாதி சரி, லேசான கியரில் மிதித்தால் முட்டியில் பளு குறையும். மறுபாதியை என் பெரியப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த சைக்கிளில் கற்றுக்கொண்டேன். முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக், 21 கியர், விலை 14,000. பாசத்தில் வாங்கியது. பெரியப்பா ஒரே கியரில் வைத்து மூன்று மாதம் ஓட்டினார், ஒருநாள் அது சாய்ந்து விழுந்ததில் கியர் மாற்றுகிற கை வளைந்து செயின் கழன்று கழன்று விழுந்தது, ஊரில் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் இல்லை. கொஞ்ச நாள் அதன் ஹேண்டில்பாரில் துண்டு காய்ந்தது.

ஆலங்குடிப் பக்கம் மேடு பள்ளம் அதிகமில்லை. கியருக்குப் பதிலாக மெக்கானிக்கிடம் பின் சக்கரத்தில் இருக்கிற ஃப்ரீவீல் என்கிற பல்சக்கரத்தை மாற்றச் சொல்லுங்கள். சாதாரணமாக முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் என்கிற மாதிரி இருக்கும். அதில் ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறக்குறைய 5 மீட்டர் போகும். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போட்டால் 4 மீட்டர் சொச்சம்தான் போகும், ஆனால் மிதிப்பு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு லேசாகிவிடும். செயினில் ஒன்றிரண்டு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான், சில நூறு ரூபாய் வேலை. கோயிலுக்கு இரண்டு நிமிடம் தாமதமாகப் போவதில் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

மீதி எல்லாம் சுருக்கமாக. முழு செயின் கவர் வேண்டும், பின் சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்கத் தடுப்பு வேண்டும், இந்த இரண்டிலும் பேரம் கூடாது. பிரேக்கை அம்மா தன் கையால் பிடித்துப் பார்க்கட்டும், வயதான விரல்களுக்கு லீவர் தூரமாக இருக்கும், அதை உள்ளே தள்ளி வைக்க நிறைய பிரேக்குகளில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. இரும்பு ரிம்மாக இருந்தால் மழையில் பிரேக் வழுக்கும், அலாய் ரிம் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்கலாம். முன் கூடையில் தேங்காயும் பூவும் வைக்கட்டும், ஐந்து கிலோ அரிசி வைத்தால் சைடு ஸ்டாண்டில் நிறுத்தும்போது ஹேண்டில் திரும்பி வண்டி கவிழும், பாரத்தை எப்போதும் பின் கேரியரில் வையுங்கள். ஹேண்டில்பாரில் ஒரு கண்ணாடி மாட்டுங்கள், கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது அந்த வயதில் சிரமம்.

பெயர் சொல்லுங்கள் என்றால், அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ்காரர்களின் பிஎஸ்ஏ லேடிபேர்ட், ஹீரோவின் மிஸ் இந்தியா என்று இந்த வகையில் நம் ஊரில் பழகியவை சில உண்டு, அநேகமாக உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்கிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. முன்பு ஏழாயிரத்துக்கு விற்றதில் நானூறு ரூபாய்க்கு மேல் குறைய வேண்டும், பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அப்பாவுக்கு 72. நாற்பது வருடமாக ஒரே அட்லஸ் சைக்கிள், 24 இன்ச் ஃபிரேம். போன மாதம் ஏறும்போது விழுந்து முழங்கையில் காயம். வேறு வாங்கித் தருகிறோம் என்றால் "லேடீஸ் சைக்கிளா, என்னை என்ன நினைச்சே" என்று சத்தம் போடுகிறார். பாரை அறுத்துவிட்டுக் கீழே ஒரு குழாய் வைத்து வெல்டிங் பண்ணித் தருவதாக பட்டறைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

வேண்டவே வேண்டாம். அந்தப் பார்தான் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை அறுத்துவிட்டு எங்கேயோ ஒரு குழாயை ஒட்டவைத்தால் ஒட்டின இடத்தில் ஒருநாள் விரிசல் விடும், அது முன்னறிவிப்பு கொடுக்காது.

அப்பா எப்படி விழுந்தார் என்று எழுதவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் இரண்டு தள்ளு தள்ளி, ஓடுகிற வண்டியில் வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றிப் போடுவார், நம் ஊர் ஆண்கள் எல்லாரும் அப்படித்தான் ஏறுகிறோம். இடுப்பு இறுகிப்போன பிறகு அந்தக் கால் கேரியரில் தட்டும். நாற்பது வருடப் பழக்கம் என்பதால் தட்டுகிற வரைக்கும் அவருக்கே தெரியாது.

இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, அட்லஸையே வைத்துக்கொண்டு ஏறுகிற விதத்தை மாற்றுவது: வண்டி நிற்கும்போதே தன் பக்கமாக நன்றாகச் சாய்த்து, பார் தாழ்ந்ததும் காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்து, வண்டியை நிமிர்த்தி, ஒரு பெடலை மேலே கொண்டுவந்து அதை மிதித்துக் கிளம்புவது. 24 இன்ச் ஃபிரேம் (இது ஃபிரேமின் அளவு, மேலே சொன்ன சக்கர அளவு இல்லை) ரொம்ப உயரம், ஐந்தரை அடிக்குக் குறைந்தவர் அதில் காலை ஊன்றி நிற்கச் சிரமப்படுவார். அப்பா உயரமானவர் என்றால் இது நடக்கும். சுழலுகிற இடங்களில் இருக்கிற கப், கோன், பால்ரஸ் எல்லாம் கழற்றி ஓவராயில் பண்ணி, பிரேக் கட்டை மாற்றிக் கொடுங்கள், அந்தக் காலத்து வண்டி இன்னும் பத்து வருடம் ஓடும். அட்லஸ் கம்பெனி தன் சாஹிபாபாத் தொழிற்சாலையை 2020 ஜூன் 3 அன்று நிறுத்தியது, அன்றைக்கு உலக சைக்கிள் தினம் என்பது தனிக்கதை. உதிரி பாகத்துக்குப் பயப்பட வேண்டாம், அந்த வகைப் பெரிய சைக்கிளுக்கு எல்லாக் கம்பெனி சாமானும் அநேகமாகப் பொருந்தும்.

இரண்டாவது வழி தாழ்ந்த ஃபிரேம் சைக்கிள்தான், அதை லேடீஸ் சைக்கிள் என்று வீட்டில் யாரும் சொல்லாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஜப்பானில் கோட்டு சூட்டு போட்ட ஆண்கள் அதில்தான் ரயில் நிலையத்துக்குப் போகிறார்கள். கருப்போ சாம்பலோ வாங்குங்கள், கூடையைக் கழற்றிவிடுங்கள், பழைய அட்லஸின் கேரியரையும் பெல்லையும் இதில் மாட்டிக் கொடுங்கள். அட்லஸை விற்றுவிடாதீர்கள். கண்ணெதிரே நிற்கட்டும், எதை எடுப்பது என்று அவரே முடிவு செய்யட்டும்.

மகள் பிளஸ் ஒன் படித்தபோது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. மாமியார் அதை ஓட்டலாமா, அல்லது தரம் சுமார் என்று புதிது வாங்குவது நல்லதா?
— வாசகி, திருத்துறைப்பூண்டி

தாராளமாக ஓட்டலாம். மாணவிகளுக்குக் கொடுத்தது பார் இல்லாத சைக்கிள், முன்னால் கூடையோடு, மேலே ஆலங்குடி வாசகிக்கு ஒரு பக்கம் எழுதினேனே, கிட்டத்தட்ட அதேதான் உங்கள் கொட்டகையில் கிடக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இப்படித் துருப்பிடித்துக் கிடக்கிறது, அப்புறம் பழைய இரும்புக்குப் போகிறது. எனக்கு அது பெரிய வருத்தம்.

டயர், டியூப், பிரேக் கட்டை, பிரேக் கேபிள், செயின் இவற்றைப் பழசு என்று இரக்கம் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். கொட்டகையில் கிடந்த டயர் பார்க்க நன்றாக இருக்கும், காற்றடித்து வெயிலில் நிறுத்தினால் ஓரத்தில் வெடிப்பு தெரியும். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். சீட்டுக்குழாய் துருப்பிடித்து இறுகியிருந்தால் தேங்காய் எண்ணெய் ஊற்றி அடிக்காதீர்கள், மெக்கானிக்கிடம் விடுங்கள், மாமியார் உயரத்துக்கு சீட் இறங்கியே ஆக வேண்டும். ஃபிரேமில் குழாய்கள் சேருகிற இடங்களில் மட்டும் நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே துரு தின்றிருந்தால் செலவு செய்ய வேண்டாம். மற்றபடி எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும் என்று நினைக்கிறேன். சீட் மட்டும் கொஞ்சம் அகலமாக, ஸ்பிரிங் வைத்ததாக மாற்றுங்கள், அது மாமியாருக்கு மருமகள் கொடுக்கிற மரியாதை.

நான் சென்னையில், அம்மாவும் அப்பாவும் தென்காசிப் பக்கம். இருவருக்கும் எழுபதை ஒட்டி வயது. பெரியவர்களுக்கான மூன்று சக்கர சைக்கிள் ஆன்லைனில் பார்த்தேன், விழவே முடியாது என்று போட்டிருக்கிறார்கள். அல்லது பேட்டரி சைக்கிள் அனுப்பிவிடலாமா?
— வாசகர், சென்னை-78

விழவே முடியாது என்று எழுதியவர் அதில் வேகமாக வளைந்து பார்த்திருக்க மாட்டார். இரண்டு சக்கர சைக்கிள் வளைவில் நம்மோடு சேர்ந்து சாயும், மூன்று சக்கரம் சாயாது. கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். வாழ்நாள் முழுக்க இரண்டு சக்கரம் ஓட்டியவருக்குக் கை தானாக சாய்க்கப் பார்க்கும், வண்டி தன் போக்கில் ஓரத்துக்கு இழுக்கும். புதிதாகத்தான் பழக வேண்டும். நின்றாலும் கால் ஊன்ற வேண்டாம் என்பது மட்டும் நிஜமான சௌகரியம். பாலன்ஸ் போய்விட்டது ஆனால் கண்ணும் காதும் நன்றாக இருக்கிறது, வீட்டு வாசல் அகலம், தெரு சமதளம் என்றால் வாங்கலாம். சாதாரண சைக்கிளைவிட விலை கூடுதல், எடையும் கூடுதல், உங்கள் வீட்டு நடை எவ்வளவு அகலம் என்று அளந்த பிறகு மேலே பேசலாம்.

பேட்டரி சைக்கிளில் மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். ஏற்றத்தில் நிஜமாகவே உதவும். ஆனால் எடை கூடும், நிற்கும்போது சாய்ந்தால் பிடிக்க முடியாது, விலையும் மூன்று நான்கு மடங்கு. மோட்டார் உதைத்துக் கிளம்புகிற அந்த முதல் நொடியில் பெரியவர்கள் பதறுவதைப் பார்த்திருக்கிறேன். நான் என் வீட்டில் வாங்கவில்லை.

சாதாரண சைக்கிளாகவே ஆன்லைனில் அனுப்புவது என்று முடிவு செய்தால், பெட்டியில் வருவது முழு சைக்கிள் இல்லை. முன் சக்கரம், ஹேண்டில்பார், சீட், பெடல் எல்லாம் பூட்ட வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் பூட்ட வைக்காதீர்கள். இடது பெடலின் மரை தலைகீழாக இருக்கும், அது தெரியாமல் முறுக்கி மரையை அழித்துவிடுவார்கள், ஒரு வாரத்தில் பெடல் காலோடு வரும். முன் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பிப் பூட்டிய சைக்கிள்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன், ஓட்டினால் பெடலில் இருக்கிற கால் முன் சக்கரத்தில் இடிக்கும். தென்காசியிலேயே ஒரு கடையில் ஃபோனில் பேசி, பணத்தை அனுப்பி, அம்மா அப்பா இருவரையும் நேரில் போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஐநூறு ரூபாய் கூடத்தான் ஆகும், ஆனால் பஞ்சரானால் தள்ளிக்கொண்டு போக ஒரு இடமும் முகம் தெரிந்த ஒரு மெக்கானிக்கும் அந்த விலையிலேயே வந்துவிடுகிறார்கள்.

அதற்கு முன் இருவரையும் டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். கண்ணில் புரை இருக்கிறதா, ரத்த அழுத்த மாத்திரையால் எழுந்ததும் தலை சுற்றுகிறதா என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றுகிறது என்றால் அது சரியாகும் வரை சைக்கிள் வேண்டாம், மூன்று சக்கரமும் வேண்டாம்.